இரவுச் சமையலுக்குப் பகல் வெயில்: வெப்பம் சேமிக்கும் சூரிய அடுப்பு பற்றி

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலம், மின்கம்பி எட்டாத இடம், வீட்டில் ஐந்து பேர். பகலில் கண்ணாடி மூடியிட்ட பெட்டி அடுப்பில் சோறும் பருப்பும் வெந்துவிடுகின்றன. இரவுச் சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் மட்டும் இன்னும் விறகு எரிகிறது. மணல், கருங்கல், எண்ணெய், மெழுகு, உப்பு ஆகியவற்றில் எதை எத்தனை கிலோ வைத்தால் பகலின் வெப்பத்தை இரவுக்கும் மறுநாள் காலைக்கும் கொண்டுபோகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளையும் எடையையும் பிறகு பார்க்கலாம். அவற்றுக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, இரவில் நீங்கள் சமைக்கப்போவது எந்த வெப்பநிலையைக் கேட்கிறது என்பதுதான். சோறு, பருப்பு, குழம்பு, கிழங்கு போன்றவை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதே இல்லை. 90 டிகிரியில் நீண்ட நேரம் இருந்தாலும் வெந்துவிடும். இட்லியும் இடியாப்பமும் அதே 100 டிகிரியில்தான் வேகின்றன, ஆனால் ஆவி இடைவிடாமல் வேகமாக வந்தாக வேண்டும். தோசைக்கும் சப்பாத்திக்கும் தாளிப்புக்கும் 180 முதல் 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்புப் பரப்பு தேவை. இந்த மூன்று தேவைகளையும் ஒரே சேமிப்பால் நிறைவேற்ற முயல்வதால்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் தோற்றுப்போகின்றன என்பது பல ஆண்டுகளாக இவற்றைச் செய்து பார்த்தும், பிறர் செய்ததைப் பார்த்தும் நான் அடைந்த முடிவு.

முதல் தேவையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேருக்கு 600 கிராம் அரிசி, ஒன்றரை லிட்டர் தண்ணீர். இவற்றையும் பாத்திரத்தையும் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 530 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோ ஜூல் என்பதால், இது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். உலை கொதித்த பிறகு அரிசி வேகுவதற்குப் புதிதாக வெப்பம் தேவைப்படுவது மிகவும் குறைவு. ஏறிய வெப்பம் இறங்காமல் இருந்தாலே போதும். ஆனால் பாத்திரத்தைத் திறந்து வைத்து 300 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போகும்படி விட்டால், அதற்கு மட்டும் 680 கிலோ ஜூல் செலவாகிறது. அதாவது சோற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைவிட, தளதளவென்று கொதிக்கவிட்டு வீணாக்கும் வெப்பம் அதிகம். விறகடுப்பில் இது கண்ணில் படுவதில்லை. வெயிலை எண்ணி எண்ணிச் செலவழிக்கும்போதுதான் இந்தக் கணக்கின் கனம் தெரிகிறது.

ஆகையால் 100 டிகிரி சமையலுக்கு மிக மலிவான சேமிப்புப் பொருள் சமைத்த உணவேதான். தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 4.18 கிலோ ஜூல். கருங்கல்லுக்கும் மணலுக்கும் அது சுமார் 0.8, இரும்புக்கு 0.46. ஒரு கிலோ குழம்பு ஒரு டிகிரிக்குத் தாங்கும் வெப்பத்தைத் தாங்க ஒன்பது கிலோ இரும்பு வேண்டும். மாலை நான்கு மணிக்கு வெயிலடுப்பிலிருந்து கொதிநிலையில் எடுத்த மூன்று கிலோ சாம்பாரையும் சோற்றையும் நாற்புறமும் மேலும் கீழும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோலோ பழைய பஞ்சு மெத்தைத் துண்டுகளோ திணித்த பெட்டிக்குள் உடனே வைத்து மூடினால், நான்கு மணி நேரத்தில் 15 முதல் 20 டிகிரி மட்டுமே இறங்கும். இரவு எட்டு மணிக்குத் திறக்கும்போது கை பொறுக்காத சூட்டில் இருக்கும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இதே பெட்டியைப் பல ஆண்டுகளாக வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சூடாறாப் பெட்டி’. தமிழில் சொன்னாலும் அதே பெயர்தான், அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில் மண் அடுப்போடு சேர்ந்திருந்த கொடியடுப்பும், தணலை மூடிவைத்து அதன்மேல் பருப்புச் சட்டியை ஏற்றிய வழக்கமும் இதே அறிவின் வேறு வடிவங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையை மட்டும் எந்த நாளும் மறக்கக் கூடாது. சமைத்த சோற்றில் உயிரோடு எஞ்சும் சில பாக்டீரியா வித்துகள் கொதிநிலையையும் தாங்கிவிடும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே சூடாறாப் பெட்டி மாலையிலிருந்து இரவுக்குத்தான், இரவிலிருந்து காலைக்கு அல்ல. ராஜ்மா போன்ற பயறுகளை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது முழுக் கொதிநிலையில் வைத்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். கொதிக்காமல் 80 டிகிரியில் மெல்ல வெந்த ராஜ்மா வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும்.

ஆக இரவுச் சோறும் குழம்பும் எந்தக் கல்லும் உப்பும் இல்லாமலே தீர்ந்துவிடுகின்றன. ‘வெப்பம் சேமிக்கும் அடுப்பு’ என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றுக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் இந்த வேலைக்குத்தான் போகிறது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, பெட்டி அடுப்பின் அடியில் கல்லையோ மணலையோ பரப்பினால் என்ன என்ற உங்கள் யோசனை. நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், பத்து கிலோ கருங்கல் ஜல்லியைக் கறுப்புத் தட்டுக்குக் கீழே நிரப்பி. அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. காரணம் எளியது. கால் சதுர மீட்டர் வாய் கொண்ட பெட்டிக்குள் நல்ல வெயிலிலும் பயனாக வந்து சேரும் திறன் ஏறத்தாழ 70 வாட்தான். பத்து கிலோ கல்லை 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்கு ஏற்ற 640 கிலோ ஜூல் வேண்டும், அதற்கு 70 வாட்டில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டரை மணி நேரமும் கல் சாப்பிடுவது உங்கள் மதியச் சோற்றுக்கான வெப்பத்தை. மாலையில் கல் திருப்பித் தருவதோ 110 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையிலுள்ள பத்து டிகிரி, அதாவது 80 கிலோ ஜூல், கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான் அது காணும். பெட்டி அடுப்பின் பலவீனம் வெப்பத்தின் அளவில் அல்ல, வெப்பநிலையில் இருக்கிறது. உணவே இல்லாமல் வெறும் தட்டாக வைத்தாலும் 120, 150 டிகிரிக்கு மேல் ஏறாத பெட்டிக்குள், கொதிநிலைக்கு மேல் சேமிக்க இடமே இல்லை.

ஆகவே உயர் வெப்பநிலையில் சேமிக்க வேண்டுமானால் ஒளியைக் குவிக்க வேண்டும், அல்லது மின்சாரமாக்கி வெப்பமாக மாற்ற வேண்டும். 1.4 மீட்டர் விட்டமுள்ள பரவளையத் தட்டு அடுப்பு தெளிந்த வெயிலில் சுமார் 600 வாட் தரும். அதே பத்து கிலோ கல்லை அது இருபது நிமிடத்துக்குள் சூடாக்கிவிடும், 200 டிகிரிக்கு மேலும் கொண்டுபோகும். ஆனால் தட்டின் குவியம், அதாவது ஒளி வந்து குவியும் இடம், வெளியே, நிலத்தின் நடுவில் இருக்கிறது, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் சூரியனை நோக்கித் திருப்ப வேண்டும், சூடான சேமிப்புக் கட்டையை அடுப்படிக்குத் தூக்கிவர வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் வுல்ஃப்காங் ஷெஃப்லர் 1980-களில் வேறொரு வடிவத்தை உருவாக்கினார்: தட்டு சூரியனைப் பின்தொடர்ந்து சுழலும், ஆனால் குவியம் மட்டும் ஒரே இடத்தில், அடுப்படிச் சுவரிலேயே நிற்கும். 1986-இல் வட கென்யாவில் முதல் தட்டு நிறுவப்பட்டது. இன்று இந்தியாவின் பெரிய சூரியச் சமையற்கூடங்கள் பலவற்றில் இருப்பது அந்த வடிவத்தின் வழிவந்த தட்டுகளே.

பெரிய கூடங்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தின் மாடியில் 1997-இல் கட்டப்பட்ட 15 மீட்டர் விட்டமுள்ள அசையாத கிண்ணம் இருக்கிறது; கண்ணாடிகள் பதித்த கிண்ணம் அப்படியே நிற்க, மேலே தொங்கும், குவிந்த வெப்பத்தை ஏற்கும் குழாய்தான் சூரியனுக்கேற்ப நகர்கிறது. தெளிந்த நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான சமையலுக்கு வேண்டிய நீராவி கிடைக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய அமைப்பிலும் மேகம் மூடும் நேரத்துக்கென்று டீசல் கொதிகலன் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். மறுபுறம் ராஜஸ்தானின் அபு ரோட்டில் பிரம்மகுமாரிகள் அமைப்பினர் கட்டிய ‘இந்தியா ஒன்’ சூரிய மின் நிலையத்தில், 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 தட்டுகள் ஒவ்வொன்றின் குவியத்திலும் வார்ப்பிரும்புக் கட்டையைச் சூடாக்குகின்றன. சூரியன் மறைந்த பிறகும் அந்த இரும்பிலிருந்தே நீராவி எடுத்து 16 மணி நேரம் வரை இயக்க முடியும்படி அது வடிவமைக்கப்பட்டது. விலையுயர்ந்த உப்பையோ எண்ணெயையோ விட்டுவிட்டு இரும்பைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அது ஒழுகாது, தீப்பிடிக்காது, பல்லாயிரம் முறை சூடேறி ஆறினாலும் தன் இயல்பு மாறாது.

வீட்டு அளவிலும் இரும்பின் பக்கம்தான் நான் நிற்கிறேன். இரும்பின் வெப்ப ஏற்புத்திறன் குறைவு என்று புத்தகங்கள் சொல்வது கிலோவுக்கு. லிட்டருக்கு என்று பார்த்தால் நிலைமை மாறுகிறது. 25 கிலோ வார்ப்பிரும்பு மூன்றரை லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும்; அது 300 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும்போது 1150 கிலோ ஜூல் தரும். அதே அளவு வெப்பத்துக்கு மணல் 14 கிலோ போதும், ஆனால் ஒன்பது லிட்டர் இடம் பிடிக்கும். சேமிப்பு சிறியதாக இருந்தால் அதைச் சுற்றிய பரப்பும் சிறியது, இழப்பும் குறைவு. அதைவிட முக்கியமானது வெப்பக் கடத்துத்திறன். உலர்ந்த மணலுக்கு அது மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 வாட், கருங்கல்லுக்கு 2.5 முதல் 3, இரும்புக்கு ஏறத்தாழ 50. தோசைக்கல்லில் குளிர்ந்த மாவை ஊற்றியதும் கல்லின் மேற்பரப்புச் சட்டென்று ஆறுகிறது. அடியிலிருந்து வெப்பம் உடனே மேலேறி வந்தால்தான் அடுத்த தோசை எழும்பும். மணல் நிறைய வெப்பத்தை வைத்துக்கொண்டிருந்தும் கேட்ட நேரத்தில் கொடுக்காது.

ஒரு தோசைக்கு 80 கிராம் மாவு என்று கொண்டால், அதைச் சூடாக்கவும் அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை ஆவியாக்கவும் சுமார் 90 கிலோ ஜூல் ஆகிறது. பத்து தோசைக்கு 900. இவற்றை 25 நிமிடத்தில் வார்த்து முடிக்க வேண்டுமானால் சேமிப்பு விடாமல் 600 வாட் தந்தாக வேண்டும். மேலே சொன்ன 25 கிலோ இரும்பு இதற்குச் சரியாகப் போதும். பதினைந்து தோசை என்றால் 40 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் வெட்டிய தகடுகளாக வாங்கி அடுக்கலாம், தகடுகளுக்கு இடையில் காற்று இடைவெளி இல்லாமல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பெயின்ட் பூசியதும் துத்தநாகப் பூச்சுள்ளதும் வேண்டாம்; அந்தப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் உரியத் தொடங்கிவிடும்.

எண்ணெயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்புத்திறன் நல்லதுதான், கிலோவுக்கு ஏறத்தாழ 2 கிலோ ஜூல். ஆனால் நாள்தோறும் 200 டிகிரிக்கு ஏறும் சமையல் எண்ணெய் சில வாரங்களில் கெட்டியாகி நாறும். மூட்டு வழியாகக் கசிந்து, சூடு வெளியேறாமல் சுற்றி வைக்கும் பஞ்சு போன்ற காப்புப் பொருளுக்குள் ஊறினால், அந்தப் பஞ்சுக்குள் மெல்ல ஆக்சிஜனேற்றம் நடந்து, தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஓலைக் கூரைக்குக் கீழே இதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

உருகும் பொருள்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கின்றன. திடப்பொருள் உருகும்போது வெப்பநிலை மாறாமல் வாங்கிக்கொள்ளும் உள்ளுறை வெப்பத்தை, மறுபடி உறையும்போது அதே வெப்பநிலையில் திருப்பித் தரும் என்பதே அடிப்படை. எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொருள் 118 டிகிரியை ஒட்டி உருகுகிறது, கிலோவுக்கு ஏறத்தாழ 340 கிலோ ஜூல் தருகிறது, நஞ்சும் அல்ல. கேட்கும்போது இதைவிடச் சிறந்தது இல்லை என்று தோன்றும். ஆனால் கொதிநிலைக்கு மேல் 18 டிகிரி வித்தியாசம் மட்டுமே இருப்பதால் வெப்பம் மெதுவாகத்தான் பாயும். உருகிய எரித்ரிட்டால் உறைய வேண்டிய வெப்பநிலைக்கு வெகுவாகக் கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்கும் குணமும் அதற்கு உண்டு, அப்போது சேமித்த வெப்பம் வேண்டிய நேரத்தில் வெளியே வராது. மெழுகின் சிக்கல் வேறு. அதன் கடத்துத்திறன் 0.2 வாட்தான் என்பதால், பாத்திரத்தை ஒட்டிய முதல் அடுக்கு உறைந்ததும் அதுவே போர்வையாகி, பின்னால் இருக்கும் உருகிய மெழுகின் வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. அலுமினியத் தகடுகளை நெருக்கமாக உள்ளே நிறுத்தினால் ஓரளவு சரியாகும். ஆனால் அப்போது அலுமினியத்துக்கே ஆகும் செலவில் இரும்புக் கட்டையே வாங்கிவிடலாம்.

உப்பு என்று இந்தத் துறையில் சொல்வது பெரும்பாலும் 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த கலவை. 220 முதல் 240 டிகிரிக்குள் உருகுவதால் சுடும் சமையலுக்கு அந்த வெப்பநிலை மிகப் பொருத்தமானது. எத்தியோப்பியாவின் மெக்கெல்லே பல்கலைக்கழகமும் நார்வேயின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை இன்ஜெரா சுடுவதற்குச் சோதித்தன. இன்ஜெரா நம் தோசைக்கு உறவு போன்ற பண்டம்: டெஃப் மாவைப் புளிக்கவைத்து, அகன்ற மண்கல்லில் வட்டமாக ஊற்றிச் சுடுவது. அந்த நாட்டு வீடுகளில் விறகின் பெரும்பங்கு இந்த ஒரு பண்டத்துக்கே போவதால்தான் அங்கே இவ்வளவு அக்கறை. அந்த ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனாலும் நைட்ரேட் உப்பை வீட்டில் உருக்கிப் பார்க்காதீர்கள். அது ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும் பொருள். உருகிய நிலையில் கரியோ மாவோ எண்ணெயோ அதில் விழுந்தால் மூர்க்கமாக எரியும். உறைந்த உப்பை அடியிலிருந்து சூடாக்கினால், கீழே உருகி விரிவடைந்த உப்புக்கு மேலே போக வழியில்லாமல் கலமே பிளந்துவிடலாம். பயிற்சியுள்ளவர்கள் செய்த, வெல்டிங் செய்து மூடிய கலமாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது காப்பு. எல்லாரும் சேமிப்புப் பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். இரவு முழுவதும் வெப்பத்தைப் பிடித்து வைப்பது அதைச் சுற்றியிருக்கும் காப்புதான். 250 டிகிரியில் இருக்கும், அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள சேமிப்பைச் சுற்றிப் பத்து சென்டிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்தால் இழப்பு ஏறத்தாழ 55 வாட். சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் 12 மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 2400 கிலோ ஜூல். இரண்டு குடும்பங்களுக்குத் தோசை வார்க்கும் வெப்பம் யாருக்கும் பயனின்றி இரவில் கரைந்துபோகிறது. கனத்தை இருபது சென்டிமீட்டராக்கினால் அது பாதியாகும். அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பல் நல்ல காப்பு, செலவும் இல்லை, எரிந்து முடிந்த பொருள் என்பதால் சூட்டையும் தாங்கும். எரியாத உமியைச் சூடான கட்டையை ஒட்டி வைக்கக் கூடாது, அது கனன்று பிடித்துக்கொள்ளும். தெர்மோகோல் 100 டிகிரிக்கு முன்னரே சுருங்கி உருகிவிடுவதால் அந்தப் பக்கமே வேண்டாம். மேல்மூடிக்கும் அதே இருபது சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். பலர் பக்கங்களை நன்றாக மூடிவிட்டு மேலே ஒரு தகட்டை மட்டும் போடுகிறார்கள், வெப்பம் அந்த வழியாகவே போய்விடுகிறது.

இதிலிருந்து காலைப் பலகாரத்தைப் பற்றிய என் கருத்தும் பிறக்கிறது. சூரியன் இறங்கி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பயன்படுத்தும் வெப்பத்தில் இழப்பு சிறிது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே வெப்பம் வேண்டுமென்றால், பயன்படுத்தும் அளவுக்கு இணையாக இழப்புக்கும் சேர்த்துச் சேமிக்க வேண்டும், 25 கிலோ இரும்பு 60 கிலோவாகும். பதினாறு இட்லிக்கு மாவு, அடித்தண்ணீர், பாத்திரம், ஆவி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 650 கிலோ ஜூல், அதுவும் இருபது நிமிடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆவி தளர்ந்தால் இட்லி கல்லாகிவிடும். அதனால் தோசையை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இரும்பின் சூடு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. காலைக்குக் கம்பங்கூழோ பழைய சோறோ ராகிக் கஞ்சியோ சரிப்படும் நாட்களில் அவற்றை வையுங்கள். இட்லி வேண்டிய நாளில், மாலையில் கொதிக்கவைத்து வெற்றிடக் குடுவையில் ஊற்றிய வெந்நீர் காலையில் 80 டிகிரியில் இருக்கும். அதை அடித்தண்ணீராக ஊற்றினால் மிச்ச வேலைக்கு நான்கைந்து சுள்ளி போதும். விறகை அடியோடு நிறுத்துவதைவிட, புகை நிறைந்த இரண்டு மணி நேரத்தைக் கால் மணி நேரமாகக் குறைப்பது உங்கள் தாயாரின் நுரையீரலுக்கு இன்றைக்கே கிடைக்கும் பயன்.

இரும்பை எப்படிச் சூடாக்குவது? தட்டு அடுப்பைவிட, கூரைமேல் சோலார் பேனலும் அடுப்படியில் இரும்புக் கட்டைக்குள் ஹீட்டர் கம்பியும் என்ற வழியையே உங்களுக்குச் சொல்வேன். பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது, தட்டு பாதியை வெப்பமாக்குகிறது. ஆனால் பேனலை யாரும் திருப்ப வேண்டாம், கம்பி வழியாக வெப்பம் வீட்டுக்குள் வருகிறது, மேகத்தினூடே வரும் சிதறிய ஒளியிலும் கொஞ்சம் வேலை செய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷ்வார்ட்ஸும் மாணவர்களும் 100 வாட் பேனலை நேரடியாகக் காப்பிட்ட பாத்திரத்தின் ஹீட்டரோடு இணைத்து, நாள் முழுக்க மெல்ல வேகவைக்கும் அடுப்பை உருவாக்கி ஆப்பிரிக்க நாடுகளில் கொண்டுசேர்த்தார்கள். பாட்டரி இல்லை, இன்வெர்ட்டர் இல்லை.

அந்த நேரடி இணைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 330 வாட் பேனல் முழு வெயிலில் சுமார் 37 வோல்ட்டில் 8.9 ஆம்பியர் தரும். அதற்குப் பொருந்தும் ஹீட்டரின் மின்தடை 4.2 ஓம். வெயில் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும். அதே ஹீட்டரில் மின்னழுத்தமும் பாதியாகிவிடுவதால் திறன் பாதியாக இல்லாமல் கால்பங்காகச் சரிகிறது, சுமார் 83 வாட். காலையிலும் மாலையிலும் இந்த இழப்பு கணிசமானது. அதனால்தான் ஷ்வார்ட்ஸ் குழுவினர் ஹீட்டர் கம்பிக்குப் பதிலாக, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பயன்படுத்தினார்கள்; டையோடின் மின்னழுத்தம் மின்னோட்டத்தோடு அதிகம் மாறாது. ஆனால் டையோடு 300 டிகிரியைத் தாங்காது என்பதால், இரும்புக் கட்டைக்கு அது உதவாது. நீங்கள் இரண்டு ஹீட்டர்களை வைத்து, முழு வெயிலில் இரண்டையும் இணையாகவும் மங்கிய வெயிலில் ஒன்றை மட்டும் இயங்கும்படியும் செய்துகொள்ளலாம். சராசரி நாளில் இந்தப் பேனல் 1.3 யூனிட் அளவுக்குத் தரும். 25 கிலோ இரும்பை முற்றிலும் ஆறிய நிலையிலிருந்து 300 டிகிரிக்கு ஏற்ற 0.86 யூனிட் போதும் என்பதால், பகலில் நடக்கும் இழப்பையும் சேர்த்து ஒரு பேனல் ஈடுகொடுக்கும்.

பாதுகாப்புக்கு மூன்றைக் கட்டாயமாகச் சொல்கிறேன். 320 டிகிரியில் தானாகத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும், ஏனெனில் யாரும் வெப்பத்தை எடுக்காத நாளில் நல்ல காப்புக்குள் இருக்கும் இரும்பு ஏறிக்கொண்டே போகும். நேர்மின்னோட்டத்துக்கென்று செய்த சுவிட்சைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு சுவிட்சில் நேர்மின்னோட்டத்தைத் துண்டித்தால் பொறி அணையாமல் நின்று எரியும். 300 டிகிரி இரும்பு சிவக்காது, புகையாது, குளிர்ந்த இரும்பைப் போலவே இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது இடுப்புயர மேடையில், பூட்டும் மூடியோடு இருக்க வேண்டும்.

இதே பேனலில் பாட்டரியும் இண்டக்‌ஷன் அடுப்பும் வைத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. மத்தியப் பிரதேசத்தின் பேத்தூல் மாவட்டத்திலுள்ள பாஞ்சா கிராமத்தில் 74 வீடுகளுக்கும் மும்பை ஐ.ஐ.டி. வடிவமைத்த சூரிய மின் அடுப்புகள் பாட்டரியோடு தரப்பட்டன. பாட்டரியிலிருந்து விளக்கும் எரியும், காலை ஆறு மணிக்கும் அடுப்பு உடனே சூடாகும். பணம் இருந்தால், காலை இட்லி கட்டாயமென்றால், அது இரும்பைவிட வசதியானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டரி தேயும் பொருள், அது பழுதானால் உங்கள் ஊரில் சரிசெய்ய ஆளில்லை. இரும்புக் கட்டையில் பழுதாகக்கூடியது ஹீட்டர் கம்பி மட்டுமே. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய ‘சூர்யா நூதன்’ இரண்டுக்கும் இடைப்பட்டது: வெளியே பேனல், அடுப்படியில் வெப்பத்தையே சேமிக்கும் அடுப்பு. அப்போது சொல்லப்பட்ட விலை 12,000 முதல் 23,000 ரூபாய் வரை. வாங்க நினைத்தால், சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் கழித்து உங்கள் கண்முன்னே ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு வீட்டளவிலான எந்த வெப்பச் சேமிப்பும் விடையாகாது. அது ஓர் இரவைத் தாண்டும், மூன்று நாள் அடைமழையைத் தாண்டாது. நிலத்தில் இரண்டு மாடு இருந்தால் சிறு சாண எரிவாயுக் கலனைப் பற்றி யோசியுங்கள்; இல்லையென்றால் புகைபோக்கி வைத்த விறகடுப்பையும் காய்ந்த விறகையும் அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருங்கள்.

வேலையைத் தொடங்கும் வரிசையில், முதலில் சூடாறாப் பெட்டி. அதற்கு ஆகும் செலவு வைக்கோலும் ஒரு மரப்பெட்டியும்தான். ஒரு தெர்மோமீட்டர் வாங்கி, மாலை நான்கு மணிக்கு வைத்த குழம்பின் சூட்டை இரவு எட்டு மணிக்கு ஒரு வாரம் தொடர்ந்து குறித்துவாருங்கள். எந்த நாளிலும் 65 டிகிரிக்குக் கீழே போகிறதென்றால் மூடியைச் சரிபாருங்கள். அதே வாரத்தில் இரவில் எத்தனை தோசை, எத்தனை சப்பாத்தி, எத்தனை தாளிப்பு என்பதையும் எழுதிவையுங்கள். அந்த இரண்டு குறிப்புகளோடு மறுபடி எழுதினால், உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோ இரும்பு, எத்தனை வாட் பேனல் என்பதைத் தோராயமாக அல்லாமல் கணக்காகவே சொல்ல முடியும்.